கூறு... கிலோ... பீஸ்!

ஞாயித்துக்கிழமை மதியம். குக்கர் விசில் அடங்கியாச்சு. வீடு முழுக்க மசாலா வாசனை. இப்போ உண்மையைச் சொல்லுங்க... உங்க வீட்டுல லெக் பீஸ் யாருக்கு?

உடனே, ‘எனக்குத்தான்!’னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்ட பசங்க எல்லாம் கொஞ்சம் உட்காருங்க. நானும் உங்க கட்சிதான். எங்க வீட்டுல இருபது வருஷமா அசைக்க முடியாத லெக் பீஸ் எம்.எல்.ஏ.! போன மாசம்தான் அந்தப் பதவிக்கு ஆபத்து வந்தது. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஊரை ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வரலாம், வண்டியில ஏறுங்க.

எங்க ஊர் மறைமலை நகர். சென்னையிலேர்ந்து செங்கல்பட்டு போற வழியில, ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே இருக்கு. யார் அந்த மறைமலை? 1876-ல் பிறந்து 1950-ல் மறைந்த மறைமலை அடிகள். வேதாசலம்ங்கிற சொந்தப் பேரையே தனித்தமிழுக்காக மாத்திக்கிட்டவர். கூடவே, புலால் கூடாதுனு எழுதியும் பேசியும் வந்த தீவிர சைவர். அப்பேர்ப்பட்டவர் பேர்ல இருக்கிற ஊருல ஞாயித்துக்கிழமை காலையில நடந்து பாருங்க. மட்டன் கடையில க்யூ, கோழிக் கடையில மெகா க்யூ, பத்து மணிக்கே பிரியாணி அண்டா ரோட்டோரம் ஏறி உட்கார்ந்திருக்கும். (இந்த ஒரு பாராவுல எத்தனை இங்கிலீஷ் வார்த்தைனு எண்ணாதீங்க. அடிகளாருக்கு ரெண்டு மேட்டர்லயும் ஸாரி!)

2014-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவு சர்வேப்படி, தமிழ்நாட்டில் 15 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல 97.65 சதவீதம் பேர் அசைவம். ஆனா ஒரகடம் ரோடு பக்கம் பேச்சிலரா வீடு தேடிப் பாருங்க, ‘வெஜிடேரியன் ஒன்லி’னு எத்தனை போர்டு! மிச்சமிருக்கிற 2.35 சதவீதம் பேருதான் எல்லா வீட்டுக்கும் ஓனர் போல.

ஆக, நாம அசைவம் சாப்பிடுறோமாங்கிறது பழைய கேள்வி. எதை, எவ்வளவு, எந்த அளவுல சாப்பிடுறோம்ங்கிறதுதான் தலைகீழா மாறியிருக்கு. ‘அளவு’னு நான் சொல்றது நிஜமாவே அளவைத்தான். எங்க ஆயா காலத்துல கறியோ மீனோ ‘கூறு’ கணக்கு. அப்பா காலத்துல ‘கிலோ’. நமக்கு ‘பீஸ்’.

ஆயா ஊர் ஒரகடத்துக்குப் பக்கத்துல. இன்னிக்கு அந்த ரோட்டுல போனா கார் கம்பெனி, லாரி கம்பெனி, டயர் கம்பெனினு காம்பவுண்ட் சுவராத்தான் தெரியும். ஆனா பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம்னே பேர். சித்திரை, வைகாசியில ஏரி வத்தினா ஊரே வலையோட இறங்குமாம். விரால், கெளுத்தி, கெண்டை, உளுவை... பிடிச்ச மீனை எல்லாம் கரையில கொட்டி, பெருசும் சிறுசும் கலந்து சமமா கூறு போடுவாங்களாம். வீட்டுக்கு ஒரு கூறு. இதுல ஒரு ரூல் இருக்கு பாருங்க, அசந்துட்டேன். கூறு போட்ட ஆளு கடைசியாத்தான் தன் பங்கை எடுக்கணும்! எந்தக் கூறு தனக்கு மிஞ்சும்னு தெரியாததால, எல்லாத்தையும் அச்சு பிசகாம சமமா போட்டுடுவாராம். நாம அல்காரிதம் கிளாஸ்ல தூங்கி வழிஞ்சு படிக்கிற சமாசாரத்தை ஏரிக்கரையில லுங்கியைக் கட்டிக்கிட்டு முடிச்சிருக்காங்க.

ஆட்டுக்கறியும் அப்படித்தான். தீபாவளி மாதிரி நாளுக்கு நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கி, ஈரல், எலும்பு, குடல்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வச்சுக் கூறு கட்டுவாங்க. மத்த நாள்ல? ‘‘கருவாடுதான்டா. அதுவும் வாசனைக்கு!’’ங்கிறாங்க ஆயா. நாட்டுக்கோழி வீட்டுல திரிஞ்சாலும், விருந்தாளி வந்தா மட்டும்தான் அதுக்கு ஆயுசு முடியும்.

‘‘சூப்பர் ஆயா, எல்லாருக்கும் சமம்!’’னேன். ஆயா சிரிச்சாங்க.

‘‘ஊட்டுக்கு ஊடு சமம்டா. ஊட்டுக்குள்ள ஏது கூறு? ஆம்பளைங்க துன்னது போக மிச்சம் தலையும் வாலும் கொயம்பும்தான்.’’

வருத்தமாச் சொல்லலை. மழை பெய்ஞ்சா நனையும்ங்கிற மாதிரி சொன்னாங்க. நான் அப்போ அதைக் கண்டுக்கவும் இல்லை.

சரி, கிலோவுக்கு வருவோம். இந்தக் கதையோட ஹீரோ பிராய்லர் கோழி.

1984-ல் உடுமலைப்பேட்டையில ரெண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் சுகுணா. அடுத்த சில வருஷங்கள்ல அவங்க பரப்பின ஒப்பந்தப் பண்ணை முறைதான் நம்ம ஞாயித்துக்கிழமையை மாத்திப்போட்டுச்சு. கம்பெனி கோழிக்குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொடுக்கும். விவசாயி கொட்டகை போட்டு, தண்ணி, கரன்ட், உழைப்பு கொடுத்து வளர்க்கணும். கோழியைக் கம்பெனியே எடை போட்டு எடுத்துக்கிட்டு, கிலோவுக்கு இவ்வளவுனு வளர்ப்புக் கூலி கொடுக்கும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம சிங்கப்பெருமாள் கோவில் டு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்க, சின்ன ஷெட்டுல பார்ட்ஸ் பண்ணித் தர்றாங்களே, அதே ஜாப் ஒர்க் ஃபார்முலா! ‘கூலி கட்டுப்படியாகலை’ங்கிற புலம்பலும் ரெண்டு இடத்துலயும் ஒரே டியூன்தான். பல்லடம், உடுமலை, பொங்கலூர்னு அந்த வட்டாரமே கோழிக்கு டெட்ராய்ட் ஆகிடுச்சு. பல்லடத்துல இருக்கிற ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற விலையைத்தான் தமிழ்நாட்டுக் கோழிக் கடைகள் எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கு.

அந்தக் கோழியும் லேசுப்பட்டது இல்லை. சுமார் ஆறு வாரத்துல ரெண்டு கிலோவைத் தாண்டிடும். ஒரு கிலோ எடை ஏற சுமார் 1.6 கிலோ தீவனம் போதும். மெக்கானிக்கல் பசங்களா, இதுதாம்ப்பா மைலேஜ்!

‘ஊசி போட்டு ஊத வைக்கிறாங்க’னு ஹாஸ்டலுக்கு ஒரு விஞ்ஞானி இருப்பார். அவருக்கு ஒரு வார்த்தை... இந்த வளர்ச்சிக்குக் காரணம் பல தலைமுறையா பொறுக்கி எடுத்த இனமும் தீவனமும்தான், ஹார்மோன் ஊசி இல்லை. கவலைப்படணும்னா ஆன்டிபயாட்டிக் பத்திக் கவலைப்படுங்க. மனுஷங்களுக்குக் கடைசி ஆயுதமா டாக்டருங்க வச்சிருக்கிற கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்துல கலந்துக்கிட்டு இருந்ததால, 2019 ஜூலையில் மத்திய அரசு அதுக்குத் தடை போட வேண்டி வந்தது.

பயத்துக்கும் பஞ்சம் இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் மீனைத் தொடவே தயங்கினாங்க நம்ம ஜனங்க. 2006-ல் மகாராஷ்டிராவுல நவாப்பூர்ல பறவைக் காய்ச்சல்னு நியூஸ் வந்ததும் இங்க கோழி விலை படுத்துடுச்சு. 2020 மார்ச்சுல ‘கோழி தின்னா கொரோனா’னு வதந்தி... அடிமாட்டு விலைக்குக் கூட ஆள் இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் க்யூ திரும்பி வந்துடுச்சு. 2014-15-ல் நாடு முழுக்க 66.9 லட்சம் டன்னா இருந்த இறைச்சி உற்பத்தி, 2023-24-ல் 102.5 லட்சம் டன். அதுல கிட்டத்தட்ட பாதி, 49 சதவீதம், கோழி. ஆடு 15.5 சதவீதம்தான். தீபாவளிக்கு மட்டும் வந்த கறி, புதன்கிழமைக்கும் வர ஆரம்பிச்சது இப்படித்தான்.

மீன் கதை இன்னும் சுவாரஸ்யம். நம்மளுக்கு மீன்னா கடல் மீன்தான் கெத்து. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி... ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா வஞ்சிரம் விலையைக் கேட்டுட்டே திரும்பி வந்துடுவோம். ஆனா நாட்டுக் கணக்கே வேற. 1950-51-ல் இந்தியாவுல பிடிச்ச ஏழரை லட்சம் டன் மீன்ல 5.34 லட்சம் டன் கடல்ல வந்தது. 2022-23-ல் மொத்தம் 175 லட்சம் டன். அதுல 131 லட்சம் டன் குளம், ஏரி, ஆறு, பண்ணை! கடல் வெறும் நாலுல ஒரு பங்கு.

இதை நேர்ல பார்க்கணுமா? சாயங்காலம் ஷிஃப்ட் முடியற நேரத்துல ஒரகடம் கூட்டு ரோடு பக்கம் வாங்க. ரோட்டோர மீன் கடையில ரோகு, கட்லா எல்லாம் ஆளு நீளத்துக்குக் கிடக்கும். வாங்குறவங்க ஒடிசா, வங்காளம், பீகார், அஸ்ஸாம்லேர்ந்து வேலைக்கு வந்த அண்ணன்கள். கடைக்கார அக்கா, ‘‘ரூயி தாஜா ஹை பையா!’’னு பின்றாங்க. நம்ம ஆளுங்க ‘சேத்து வாடை’னு ஒதுக்குற மீனை, அவங்க செவுளைத் தூக்கிப் பார்த்து, வயித்தை அமுக்கிப் பார்த்து, நகை வாங்குற மாதிரி வாங்குறாங்க. தலையை மட்டும் தனியா கட்டித் தரச் சொல்றாங்க. பக்கத்து மளிகைக் கடையில கடுகு எண்ணெய் பாட்டில் வேற வந்து உட்கார்ந்தாச்சு.

அதுல ஒரு ஒடிசா அண்ணன்கிட்ட அரைகுறை இந்தியில பேச்சுக் கொடுத்தேன். (ஏற்கெனவே அடிகளார் கோவத்துல இருக்கார், இது வேறயா!) ‘‘ஊருல குளத்துல பிடிச்சு அம்மா சமைக்கும். இங்க ரூம்ல நாலு பேர், ஞாயித்துக்கிழமை என் டர்ன்’’னார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ரோகுவோட சரித்திரமே அவர் மாநிலத்துல இருக்குனு. ரோகு, கட்லா எல்லாம் வெள்ளம் ஓடுற ஆத்துல மட்டும்தான் முட்டை போடும், குளத்துல விட்டா வளருமே தவிர குஞ்சு பொரிக்காது. 1957 ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கிற விஞ்ஞானி, மீனோட பிட்யூட்டரி சுரப்பியிலேர்ந்து எடுத்த சாறை ஊசியாப் போட்டு இந்தக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டை போட வச்சார். அதுக்கு அப்புறம்தான் குஞ்சுக்கு ஆத்தை நம்பி இருக்க வேண்டிய நிலைமை மாறுச்சு. ஜூலை 10 இன்னிக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

அப்போ ஆயாவோட ஏரி? இருக்கு, பாதி. வலை போட்டா வர்றது பெரும்பாலும் ஜிலேபி கெண்டை. 1952-ல் வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்து விட்ட மீன், இப்போ அதுதான் ஏரிக்கே ராஜா. கூறு போடுற வழக்கமும் இல்லை. குத்தகை எடுத்தவர் பிடிச்சு எடை போட்டு வித்துட்டுப் போயிடுறார். ஆயா ஒரு தடவை தராசைப் பார்த்துட்டு, ‘‘உளுவை எங்கடா?’’னு கேட்டாங்க. குத்தகைக்காரப் பையனுக்கு அந்த மீன் பேரே தெரியலை. சின்னச் சின்ன மீனை முள்ளோட மென்னு முழுங்கினா கால்சியம் முழுசா உள்ளே போகும். நெத்திலிக்கும் அதே லாஜிக்தான். பிராய்லர் நெஞ்சுக்கறியில புரதம் இருக்கும், ஆனா அந்தச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. இந்த எக்ஸ்சேஞ்சுல நாம என்ன கொடுத்து என்ன வாங்கியிருக்கோம்னு எனக்கு இன்னும் சரியாப் பிடிபடலை.

இனி, பீஸ்.

பீஸ்னா ஃப்ரைடு சிக்கன் பக்கெட்தான் ஞாபகம் வரும். ஆனா தமிழ்நாட்டுல ‘ஆளுக்கு ஒண்ணு’ங்கிறதை முதல்ல கொண்டுவந்தது எது தெரியுமா? சத்துணவு முட்டை! 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைனு ஆரம்பிச்சு, 2010-ல் வாரத்துக்கு அஞ்சு முட்டைக்கு வந்தது. பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு அரைனு முட்டையை வெட்ட முடியாது பாருங்க. தட்டு நீட்டினா முட்டை. நானும் அக்காவும் ஒரே அளவுல சாப்பிட்ட ஒரே இடம் எங்க பஞ்சாயத்து ஸ்கூல் வராண்டாதான்.

அடுத்தது கம்பெனி கேன்டீன். 250 பேருக்கு மேல வேலை செய்யுற ஆலையில கேன்டீன் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொல்லுச்சு. எங்க அப்பா ஒரு பார்ட்ஸ் கம்பெனியில ஷிஃப்ட். சிக்கன் போடுற நாள்ல லீவே போட மாட்டார். எங்க அக்காவும் இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் லைன்ல வேலை, ஹாஸ்டல் வாசம். அந்தப் பெல்ட் முழுக்க அப்படி ஆயிரக்கணக்கான அக்காக்கள். 2024 ஆகஸ்ட்டுல வல்லம் வடகால் சிப்காட்டுல திறந்த ஒரே விடுதியில மட்டும் 18,720 பேர் தங்கலாம்னா பார்த்துக்கங்க. அந்தச் சாப்பாடு எப்பவும் சரியா இருந்ததுனு சொல்லிட முடியாது. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில ஃபுட் பாய்சன் ஆகி 150-க்கும் மேல ஆஸ்பத்திரிக்குப் போக, கூட வேலை பார்க்கிறவங்க சென்னை-பெங்களூரு ஹைவேயையே மறிச்சு உட்கார்ந்தாங்க. சோத்துக்காக அவ்வளவு பொண்ணுங்க ரோட்டுக்கு வந்ததை டி.வி.யில பார்த்துட்டு ஆயா வாயே திறக்கலை.

இப்போ ஒரே ஒரு சர்வே மட்டும், திட்டாதீங்க. தேசிய குடும்ப நல சர்வேயில 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் ஆண்கள்ல மீன், கோழி, கறி சாப்பிடுறவங்க 2015-16-ல் 78.4 சதவீதம். 2019-21-ல் 83.4. பெண்கள்? 70.0-லேர்ந்து 70.6. நாட்டுல இவ்வளவு கோழி பெருகியும் அவங்க கணக்கு அரை சதவீதம்தான் நகர்ந்திருக்கு! வாரத்துக்கு ஒரு தடவையாவது சாப்பிடுற ஆண்கள் நூத்துக்கு 57 பேர், பெண்கள் 45 பேர். தமிழ்நாட்டுல கேட்டா எல்லாருமே ‘சாப்பிடுவோம்’னுதான் சொல்வாங்க. சர்வே எடுக்க வர்றவங்க ‘எந்த பீஸ்?’னு கேட்கிறது இல்லையே! அதே 2019-21 சர்வேதான், நம்ம மாநிலத்துல அந்த வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைனும் சொல்லுது.

ஓகே, என் பதவி பறிபோன கதை.

போன மாசம் அக்கா லீவுல வந்தா. வரும்போதே சம்பளக் காசுல ரெண்டு கிலோ சிக்கன். அம்மா சமைச்சு, வழக்கம்போலப் பரிமாறினாங்க. அப்பாவுக்கு லெக், எனக்கு லெக், அக்காவுக்கு விலாவும் ரெக்கையும், ஆயாவுக்கு ஈரல். அக்கா தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா.

‘‘ஏம்மா, அங்க கேன்டீன்ல வரிசையில நின்னா ஆளுக்கு ஒரு பீஸ். முன்னாடி நிக்கிறது பையனா, பொண்ணானு கரண்டி பார்க்காது. என் காசுல வாங்கின கோழியில எனக்கு விலாவா?’’

அப்பா டி.வி. பக்கம் திரும்பிட்டார். நான் ஹீரோ மாதிரி என் லெக் பீஸைத் தூக்கி அவ தட்டுல வைக்கப் போனேன்.

‘‘எனக்கு வேணாம்டா. அம்மாவுக்கு வை.’’

‘‘ஐயோ, எனக்குக் கழுத்துதான்டி புடிக்கும்’’னாங்க அம்மா. இதை நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். நம்பியும் இருக்கேன்.

‘‘நீ என்னிக்காவது லெக் சாப்பிட்டுப் பார்த்திருக்கியா?’’

அம்மா நிஜமாவே யோசிச்சாங்க. ‘‘கல்யாணத்துக்கு முன்னாடி... இல்ல, அப்பவும் தம்பிக்குத்தான் வைப்பாங்க.’’

அந்தத் தம்பிதான் எங்க மாமா. போன் போட்டுத் திட்டலாம்னு நினைச்சேன், அப்புறம் என் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கரண்டியை நான் பிடுங்கிக்கிட்டேன். ஒரு லெக் அம்மாவுக்கு, இன்னொண்ணு ஆயாவுக்கு. அப்பாவுக்கு நெஞ்சுக்கறி, எனக்குக் கழுத்து. (சொன்னா நம்புங்க, கழுத்துல ஒண்ணுமே இல்லை. எலும்பை உறிஞ்சிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.) ஆயா, ‘‘பல்லு இல்லாதவளுக்கு எதுக்குடா காலு?’’னு அம்மா தட்டுக்குத் தள்ளினாங்க. அம்மா ஒண்ணைச் சாப்பிட்டாங்க. ‘‘நல்லாத்தான் இருக்கு’’னு மட்டும் சொல்லிட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டாங்க.

மறுநாள் காலேஜ்ல டிபன் பாக்ஸைத் திறந்தேன். லெமன் சாதம். ஓரத்துல அந்த இன்னொரு லெக் பீஸ்.